வடமேற்கு மூலைக் கல்வெட்டு

அந்தப் பையைப் பார்த்துட்டுத்தான் கேட்டேன்மா, தப்பா எடுத்துக்காதே. இளம் ஆய்வாளர் கல்வெட்டுச் சந்திப்புன்னு பெருசா போட்டிருக்கே. இந்த பஸ்ல திருநெல்வேலிக்குத்தானே போற? நாளைக்குக் காலையில ஆரம்பம். எனக்கு எல்லாம் தெரியும். எங்க கல்வெட்டுப் பேரவையோட ஆண்டுக் கருத்தரங்கமும் நாளைக்குத்தான், அதே திருநெல்வேலியில. ஆடி மாசம் ரெண்டாவது சனிக்கிழமைன்னா அது எங்க தேதி, காலங்காலமா எங்க தேதி. உங்க ஆளுங்க வேணும்னே அதே தேதியில வச்சிருக்காங்க.

சரி, உன்னைச் சொல்லி என்ன. யாரோ கூப்பிட்டாங்க, நீ போற. நீன்னு பேசலாம்ல? என் தங்கச்சி மகளுக்கு உன் வயசுதான் இருக்கும்.

அந்தப் பைக்குள்ள ஒரு மஞ்சள் தாள் வச்சிருப்பாங்க, எடுத்துப் பாரு. நடத்தை விதிகள்னு தலைப்பு இருக்கா? ‘இக்கருத்தரங்கிற்கு வரும் ஒவ்வொருவரும் அச்சமின்றி வந்து, அவமதிப்பின்றி அமர்ந்து, மனநிறைவோடு திரும்ப வேண்டும்.’ சரியா சொன்னேனா? பார்க்காமலே சொல்றேன் பாரு. அது நான் எழுதினதும்மா. வார்த்தைக்கு வார்த்தை நான் எழுதினது. ஒரு வாரம் லீவு போட்டுட்டு வீட்டுல உட்கார்ந்து எழுதினேன். ஏழாவது விதியை மட்டும் உருவி எடுத்துட்டு மிச்சத்தை அப்படியே அச்சடிச்சுக்கிட்டாங்க. கீழே எங்கயாவது என் பேரு இருக்கா பாரு. இருக்காது. ஊரான் வீட்டு மாவை எடுத்துட்டுப் போய் தோசை சுடறவங்களுக்கு நன்றின்னு ஒரு வார்த்தை போட மனசு வரலை.

என் பேரு அலர்மேல்மங்கை. பேரவைச் செயலாளர். கேள்விப்பட்டதில்லையா? நிலக்கொடைக் கல்வெட்டுகளைப் பத்தி பச்சை அட்டை போட்ட ஒரு புத்தகம், உங்க நூலகத்துல கண்டிப்பா இருக்கும். முதல் வருஷமா நீ? அப்ப இனிமேதான் எடுப்பே.

இந்த விதியெல்லாம் எப்படி வந்துச்சுன்னு சொல்றேன் கேளு. கருத்தரங்குக்கு நிதி கொடுக்கிறவங்க ஒரு வருஷம் திடீர்னு, நடத்தை விதி இருந்தாத்தான் பணம்னுட்டாங்க. எங்க ஆளுங்க எல்லாம் முழிக்கிறாங்க. இத்தனை வருஷம் நாம என்ன காட்டுமிராண்டிங்களா, நமக்கு எதுக்கு விதின்னு ஒருத்தர் கத்துறார். நான்தான் சமாதானப்படுத்தினேன். நான் எழுதித் தர்றேன், விடுங்கன்னேன். இங்கிலீஷ்ல பல ஊர்க்காரங்க எழுதினதைப் படிச்சேன். தமிழ்ல சொல்லும்போது அதிகாரமா இருக்கக் கூடாது, அழைப்பிதழ் மாதிரி இருக்கணும்னு பார்த்துப் பார்த்து எழுதினேன். சக்கர நாற்காலியில வர்றவங்களுக்குச் சாய்தளம். சைவம் அசைவம் ஒரே பந்தி. பால் குடிக்கிற பிள்ளையோட வர்ற அம்மாவுக்கு ஒரு அறை. யாரையும் சாதி கேட்கக் கூடாது. யாரையும் அவங்க சம்மதம் இல்லாம தொடக் கூடாது. இதெல்லாம் எங்க துறையில நான் சொல்றதுக்கு முன்னாடி யாரு சொன்னா? ஒருத்தி சொல்லலை.

எழுதி முடிச்சு முதல்ல குலசேகரன் ஐயாகிட்டதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேரவையோட தலைவர். எனக்குக் குரு. இந்தப் பக்கத்துல கல்வெட்டுப் படிப்புன்னு ஒண்ணு இருக்குன்னா அது அவர் போட்ட பிச்சை. முழுசும் படிச்சார். படிச்சுட்டுக் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, “ரொம்ப அழகா இருக்குதும்மா. ஒரே ஒரு சந்தேகம். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறதும் இனிமே குத்தமா?”ன்னு கேட்டார்.

எனக்குச் சுருக்குன்னுச்சு. முதல் வருஷம்னு சொன்னேல்ல, அதனால சொல்றேன். கல்வெட்டு படிக்கிறது கண்ணால மட்டும் இல்லைம்மா. ஆயிரம் வருஷக் கல்லு, எழுத்து தேஞ்சிருக்கும், எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். விரலை வச்சுத் தடவினாத்தான் பிடிபடும். ஐயா அப்படித்தான் சொல்லிக் கொடுப்பார். பிள்ளை பின்னாடி நின்னு, ஆள்காட்டி விரலைப் பிடிச்சு, கல்லுல வச்சு எழுத்தோட ஓட்டுவார். பிள்ளைக்கு அரிசியில ‘அ’ எழுத வைக்கிறோமே, அதே மாதிரிதான். அவர்கிட்டப் படிச்ச எல்லாரும் அப்படித்தான் படிச்சோம். அந்த மனுஷனைப் போய் இப்படி ஒரு கேள்வி கேட்கிற நிலைமைக்குக் கொண்டுவந்துட்டோமேன்னு இருந்துச்சு. அன்னைக்கே, அவர் முன்னாடியே உட்கார்ந்து ஏழாவது விதியை எழுதினேன். ‘கல்வெட்டு எழுத்துப் பயிற்சியின்போது ஆசிரியர் மாணவரின் கையைப் பற்றிக் கற்பிப்பது, மரபான கற்பித்தல் முறையாதலால், மேற்கண்ட விதியில் அடங்காது.’ ஐயாவுக்கு முகம் மலர்ந்துபோச்சு.

தொடக்க விழாவுல விதிகளை யாரு வாசிக்கிறதுன்னு பேச்சு வந்தப்ப நான்தான் ஐயாவே வாசிக்கட்டும்னு சொன்னேன். என்ன குரல்ங்கிறே. குத்துவிளக்கு ஏத்தி முடிச்ச கையோட மைக்கைப் பிடிச்சு, நிறுத்தி நிறுத்தி வாசிச்சார். ‘சம்மதம் இன்றித் தொடக் கூடாது’ன்னு வாசிச்சுட்டு ஒரு நிமிஷம் கூட்டத்தை அப்படியே பார்த்தார். கைதட்டல் அடங்க நேரமாச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. முன்வரிசையில உட்கார்ந்திருந்த முப்பிடாதியும் கைதட்டினா, அதையும் நான் பார்த்தேன்.

முப்பிடாதி யாருன்னா, என்கிட்ட பிஎச்.டி. பண்ணினவ. நான்தான் நெறியாளர். சங்கரன்கோவில் பக்கம் ஒரு ஊரு. சாதி கேட்கக் கூடாதுன்னு விதி எழுதினவ நான், நான் கேட்பேனா? எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெருன்னு மட்டும்தான் கேட்டேன். அதுல தெரிஞ்சுபோகுது. தெரிஞ்சும் சேர்த்துக்கிட்டேன். அதைச் சொல்ல இன்னைக்கு ஒரு நாதி இல்லை. இந்தப் பேரோட மேடை ஏறினா எடுபடாதும்மா, கட்டுரைக்கு முத்தரசின்னு போட்டுக்கோன்னு அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். “எங்க ஊரு அம்மன் பேரும்மா, அது இருக்கட்டும்”னுட்டா. அழுத்தக்காரின்னு அப்பவே எனக்குப் பட்டிருக்கணும்.

ஆனா கை. அவ கையைப் பத்தி நான் பொய் சொல்ல மாட்டேன். நாங்க எல்லாம் டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சு, தண்ணி தெளிச்சு, ஒரு வரிக்கு அரை நாள் தவிச்சுக்கிட்டு இருப்போம். அவ கண்ணை மூடிக்கிட்டு விரலை ஓட்டுவா. “அம்மா, இது தேங்கா உடைச்ச தழும்பு. இது கொத்தனார் உளித்தடம். இது எழுத்து”ம்பா. தாளை ஒட்டி மை ஒத்தி எடுத்துப் பார்த்தா அப்படியே இருக்கும். என் சர்வீஸ்ல அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. எனக்கே ஐயோன்னு இருக்கும், இவ்வளவு பெரிய புத்தகம் எழுதின எனக்கு அந்தக் கை இல்லையேன்னு. அவமேல எனக்கு அத்தனை ஆசை இருந்துச்சும்மா. என் நாற்காலியில ஒருநாள் இவதான் உட்காரணும்னு நினைச்சேன். வீட்டுல பெருசா ஒண்ணும் கிடையாது, அந்த ஆய்வுப் படிப்பும் அதுல வர்ற உதவித்தொகையும்தான் அவளுக்கு எல்லாம். அது தெரிஞ்ச பிள்ளை எப்படி நடந்துக்கணும்?

கருத்தரங்கோட ரெண்டாம் நாள் களப்பயணம். வழக்கமா போறதுதான். ஆத்தங்கரையில மருதங்குறிச்சின்னு ஒரு ஊரு, பழைய சிவன் கோயில். உள்சுத்து முழுக்க எழுத்து. கரண்டு கிடையாது, பட்டப்பகல்லயே இருட்டா இருக்கும். நான் கொடிமரத்துக்கிட்ட நின்னு பிள்ளைங்களைக் குழு குழுவா பிரிச்சு உள்ளே அனுப்புவேன். ஒவ்வொரு வருஷமும் அது என் வேலை. நான் உள்சுத்துக்குப் போறதில்லை, முழங்கால் வலி. வலி வந்தது இப்பத்தான், ஆனா முன்னாடியும் வெளியிலதான் நிப்பேன். யாராவது ஒருத்தர் வெளியில நிக்கணும்ல.

உள்சுத்துல வடமேற்கு மூலைன்னு ஒரு இடம் உண்டு. அங்க ஐயா கண்டுபிடிச்ச ஒரு கல்வெட்டு இருக்கு. ரொம்பப் பழசு, ரொம்ப அரிது. இன்னும் வெளியிடலை. முழுசா படிச்சு முடிக்காம ஒரு எழுத்தைக் கூட அச்சுல ஏத்த மாட்டேன்னு வச்சிருக்கார், அவ்வளவு நேர்மை அவருக்கு. எல்லாரையும் அங்க கூட்டிட்டுப் போக மாட்டார். வருஷத்துக்கு ஒரு பிள்ளை, கெட்டிக்காரப் பிள்ளையாப் பார்த்து, “வாம்மா, உனக்கு ஒண்ணு காட்டுறேன்”னு கூட்டிட்டுப் போவார். அது ஒரு கௌரவம்மா எங்களுக்குள்ள. அந்த வருஷம் முப்பிடாதியைக் கூப்பிட்டார். எனக்குப் பெருமையா இருந்துச்சு. போயிட்டு வாடின்னு முதுகுல தட்டி நான்தான் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்துல வெளிய வந்தா. மடப்பள்ளிக் குழாய்ல கையைக் கழுவினா, கழுவினா, கழுவிக்கிட்டே இருந்தா. என்னடி, எண்ணெய் ஒட்டிக்கிச்சான்னு கேட்டேன். பஸ்ல கடைசி சீட்டுல போய் உட்கார்ந்துக்கிட்டா. வந்து இறங்கின உடனே நேரா என்கிட்ட வந்து, “அம்மா, விதிப்படி புகார் கொடுக்கணும்”ங்கிறா. விசாரணைக் குழுத் தலைவர்னு என் பேருதான் போட்டிருக்கு. நான் எழுதின விதியை எனக்கே காட்டுறா.

வேற ஒருத்தியா இருந்தா என்ன பண்ணியிருப்பா? அம்மா, எனக்கு அந்த ஐயாவைப் பார்த்தா சங்கடமா இருக்குன்னு காதுல போட்டுருப்பா. நானும் அடுத்த தடவை உள்ளே போகாத, என்கூட வெளியில நில்லுன்னு சொல்லியிருப்பேன். முடிஞ்சுது. எத்தனை பிள்ளைங்களை அப்படி நான் என்கூட வெளியில நிறுத்திக்கிட்டிருக்கேன் தெரியுமா? யாருக்காவது தெரியுமா அது? ஒரு சத்தம் இல்லாம, ஒருத்தர் மானம் போகாம பார்த்துக்கிட்டேன். இவளுக்கு எழுத்துல வேணுமாம். விசாரணை வேணுமாம்.

சரின்னு உட்கார்ந்தோம். நான், விழா நடந்த காலேஜோட முதல்வர், எங்க பொருளாளர். அவரும் ஆம்பளை, இவரும் ஆம்பளை. நான் ஒரு பொம்பளை இருக்கேனே, என்கிட்ட தனியா சொல்லுடின்னேன். மாட்டேன்னுட்டா. மூணு பேர் முன்னாடியும் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்றா. ஐயா பின்னாடி நின்னாராம். ஒரு கையால விரலைப் பிடிச்சு சுவத்துல தேய்ச்சாராம். இன்னொரு கை இடுப்புல இருந்துச்சாம். விலகினப்போ இறுக்கினாராம். “எழுத்துச் சொல்லிக் கொடுக்க விரலைப் பிடிச்சா போதும்லம்மா, இடுப்புல என்ன வேலை?”ன்னு என்னைப் பார்த்துக் கேட்கிறா. முதல்வர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். எனக்கு உடம்பு கூசிப்போச்சு. ஒரு பொம்பளைப் பிள்ளை இப்படிப் பச்சையா பேசுமா?

ஐயாவைக் கூப்பிட்டுக் கேட்டோம். அந்த மனுஷன் அழுதுட்டார்மா. வேட்டி நுனியால கண்ணைத் துடைச்சுக்கிட்டு, “இருட்டு. தரை வழுக்கும். பிள்ளை விழுந்துரக் கூடாதேன்னு பிடிச்சேன். அதைப் போய் இப்படிச் சொல்லுதே”ன்னார். அந்த வயசுல ஒருத்தர் உன் முன்னாடி உட்கார்ந்து அழுதா நீ என்ன பண்ணுவே? இப்பப் பேசலாம். பக்கத்துல இருந்து பார்த்திருந்தா தெரியும்.

நான் ஏழாவது விதியை எடுத்து வாசிச்சேன். பாரும்மா, இது மரபான கற்பித்தல் முறை, இது புகார்ல வராது, விதியே சொல்லுதுன்னேன். அதோட முடிஞ்சிருக்கணும். அவ அந்தத் தாளை வாங்கி ஒருதரம் படிச்சா. அப்புறம் சொன்னா: “சரிம்மா. விதிப்படியே பார்ப்போம். அது எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்போதுதானே செல்லும்? அந்த மூலையில எழுத்து இல்லைம்மா. நான் விரல் வச்சுப் பார்த்தேன். வெறுஞ்சுவரு.”

அப்படியே திக்குன்னு ஆயிருச்சு எல்லாருக்கும். ஐயா எழுந்து வெளிய போயிட்டார். எனக்கு வந்துச்சு பாரு கோபம். எத்தனை வருஷமா அந்தக் கல்வெட்டைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம், நேத்து வந்தவ நாக்கு மேல பல்லைப் போட்டு இல்லைங்கிறா. முதல்வர் என்னைப் பார்த்தார். “நீங்கதானே இதுல நிபுணர், ஒருதரம் போய்ப் பார்த்துட்டு எழுதிக் கொடுத்துருங்களேன்”னார். “நீங்களே போங்கம்மா”ன்னு அவளும் சொன்னா. “நீங்க தடவிப் பார்த்துட்டு என்ன எழுதினாலும் நான் ஒத்துக்கிறேன்”னா. என்மேல அத்தனை நம்பிக்கையாம். இல்லை என்னை மடக்கினாளான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை.

மறுநாள் காலையில போனேன். பார்த்தேன். வந்து எழுதிக் கொடுத்தேன். ‘வடமேற்கு மூலையில் உள்ள கல்வெட்டு பெரிதும் தேய்ந்த நிலையில் உள்ளது. ஆகவே ஏழாவது விதி பொருந்தும்.’ மூணு பேரும் கையெழுத்துப் போட்டோம். அவளைக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினேன். அழலை. கத்தலை. “தேய்ந்த நிலையில்”னு ஒருதரம் தானா சொல்லிப் பார்த்தா. அப்புறம் என் முகத்தைப் பார்த்தா பாரு, அந்தப் பார்வைக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?

அதுக்கப்புறமும் நான் அவளைக் கைவிடலைம்மா. ஐயாகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுரு, எல்லாம் அடங்கிரும்னு சொல்லி அனுப்பினேன். அவர்தானே அவளோட ஆய்வேட்டுக்குத் தேர்வாளரா வரணும். மாட்டேன்னா. அவளோட ஆறு மாச அறிக்கையில நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்துச்சு. கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் போடலாம்னு வச்சிருந்தேன். நானா வேண்டாம்னேன்? ஆறட்டும்னுதான் சொன்னேன். அதுக்குள்ள உதவித்தொகை நின்னுபோச்சு. ஒருநாள் வந்து அறைச் சாவியை என் மேஜையில வச்சுட்டுப் போயிட்டா. இப்ப ராஜபாளையத்துல ஒரு ஜவுளிக்கடையில நிக்கிறாளாம், சேலை எடுத்துப் போடறாளாம். அந்தக் கை. நினைச்சா வயிறு எரியுதும்மா எனக்கு. அவ வாயால அவ கெட்டா.

அவ மட்டும் போகலை. போகும்போது என் முகத்துல கரியைப் பூசிட்டுப் போயிட்டா. அவகூடப் படிச்சதுங்க எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து, இனிமே பேரவைப் பக்கம் வர மாட்டோம்னு கிளம்பிருச்சுங்க. அதுங்க ஆரம்பிச்சதுதான் இந்தச் சந்திப்பு. போன வருஷம் எங்க கருத்தரங்குல முன்வரிசை பூரா வழுக்கைத் தலை, பின்வரிசை பூரா காலி நாற்காலி. ஐயா பேசினப்ப கைதட்ட ஆள் இல்லை. நான்தான் தட்டினேன். ஒரு பேரவையைக் கட்டி எழுப்ப எத்தனை வருஷம் ஆகும், அதைக் கலைக்க ஒரு பிள்ளை போதும். உங்க சந்திப்புல அவளைப் பேசக் கூப்பிட்டாங்களாமே, வர மாட்டேன்னுட்டாளாம். கல்லே வேண்டாம்னுட்டாளாம். பார்த்தியா, உங்களையும்தான் மதிக்கலை.

என்னம்மா? இல்லை, சொல்லு, என்ன கேட்டே?

எழுத்து இருந்துச்சான்னா கேட்கிறே. அதான் எழுதிக் கொடுத்தேன்னு சொன்னேனே. தேய்ந்த நிலையில் உள்ளதுன்னு.

நீயும் அவளை மாதிரியேதான் பார்க்கிறே. இந்தக் காலத்துப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் ஒரே முழி.

போனேன்மா. தனியாத்தான் போனேன். காவக்காரர்கிட்ட டார்ச்சை வாங்கிக்கிட்டு, அவரை வெளியிலயே இருக்கச் சொல்லிட்டேன். அந்த மூலைக்கு நான் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. எம்.ஏ. படிக்கும்போது ஒருதரம் போனது. அந்த வருஷக் கெட்டிக்காரப் பிள்ளை நான்தான். ஆமா, எனக்கும் ஐயா அங்கதான் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். அப்ப அவருக்குத் தலை நரைக்கலை. அன்னைக்கு நான் வெளிய வந்ததும் என் தோழிங்க எல்லாம் சூழ்ந்துக்கிட்டு, என்னடி எழுதியிருந்துச்சு, என்னடி எழுதியிருந்துச்சுன்னு கேட்டாளுங்க. நிலக்கொடைன்னு சொன்னேன். ஏதோ வாயில வந்துச்சு, சொன்னேன். அப்புறம் நிலக்கொடையிலதானே நான் பெரிய ஆளானேன், அதை நினைச்சுக்கோ.

டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சேன். மேல இருந்து கீழ வரைக்கும் அடிச்சுப் பார்த்தேன். ஈரத்துணி வச்சுத் துடைச்சேன். அப்புறம் டார்ச்சை அணைச்சுட்டுக் கையை வச்சேன். அவளுக்கு இருக்கிற கை எனக்கு இல்லைதான், ஆனா நானும் கல்லுலயே காலம் தள்ளினவ. ஒரு குழி இல்லை. உளித்தடம் இல்லை. வழவழன்னு இருந்துச்சு. இடுப்புக்கு மேல, நெஞ்சு உயரத்துக்கு, ஒரு முழ அகலத்துக்கு மட்டும் வழவழன்னு, சுத்தி இருக்கிற கல்லெல்லாம் சொரசொரப்பா. நான் அங்க எவ்வளவு நேரம் நின்னேன்னு எனக்கே தெரியலை. காவக்காரர் வந்து அம்மா, அம்மான்னு கூப்பிட்டார்.

இல்லைன்னு எப்படிம்மா நான் எழுதுவேன்? அங்க எழுத்தே இல்லைன்னா, அன்னைக்கு அந்த இருட்டுல அவ்வளவு நேரம் நான் எதைப் படிச்சேன்? யாராவது சொல்லட்டும் எனக்கு. முப்பிடாதி வந்து சொல்லட்டும். எனக்குப் பின்னாடி வருஷத்துக்கு ஒருத்தி, என் கண்ணு முன்னாடி, கொடிமரத்தைத் தாண்டி உள்ளே போனாளே, அவளுங்க எல்லாம் எதைப் படிச்சாளுங்க?

இரும்மா, எழுந்திரிக்காதே. முன்னாடி சீட்டுக்கு எதுக்குப் போற, கோவில்பட்டி கூட இன்னும் வரலை. நான் பொய் எழுதலை, அதை மட்டும் கேட்டுட்டுப் போ. தேய்ஞ்சிருந்துச்சு. நிஜமாவே தேய்ஞ்சிருந்துச்சு. இத்தனை வருஷமா இத்தனை பிள்ளைங்க கையைப் பிடிச்சு அந்த ஒரே இடத்துல தேய்ச்சிருக்கார், கல்லு தேயாம என்னம்மா செய்யும்?